பழைய வண்டி வாங்குவோர்க்கும் விற்போர்க்கும்

ஓசூரிலிருந்து பெங்களூரு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் அத்திப்பள்ளியையும் சந்தாபுராவையும் கடந்தால் பொம்மசந்திரத் தொழிற்பேட்டை வரும். அதனை அடுத்து ஹெப்பகோடி. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம், திருவண்ணாமலை முதலிய மாவட்டங்களிலிருந்து பிழைப்பு நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல இவ்வட்டாரத்தில் வாடகை வீடுகளில் வாழ்கின்றன. குடும்பத் தலைவர் பொம்மசந்திரத்தில் பணி செய்வார்; மனைவி ஜிகணிப் பக்கம் வேலைக்குச் செல்வார்; மகன் எலக்ட்ரானிக் சிட்டியில் இரவு முறைக்குப் போவான். 2025 ஆகஸ்டு மாதத்தில் மெட்ரோ இரயிலின் மஞ்சள் வழித்தடம் பொம்மசந்திரம் வரை வந்தது. ஹெப்பகோடிக்கும் ஒரு நிலையம் வாய்த்தது. எனினும் இரயில் நெடுஞ்சாலையோடு நின்றுவிடும். தொழிற்சாலை வாயில் வரை வாராது. நள்ளிரவில் முறை முடிந்து திரும்புவோர்க்கும், விடியுமுன் வீட்டை விட்டுப் புறப்படுவோர்க்கும் சொந்த வண்டி பிழைப்பின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது.

புது வண்டி வாங்கும் வசதி எல்லோர்க்கும் இல்லை. ஆதலின் நம்மவருள் மிகப் பலர் பழைய வண்டியையே நாடுகின்றனர். முன்பு உடன் பணிபுரிபவரிடமோ, தெருக்கோடி மெக்கானிக் வழியாகவோ வண்டி கைமாறும். இன்று கைப்பேசியைத் திறந்தால் ஓ.எல்.எக்ஸ்., பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் முதலிய இணையச் சந்தைகளில் ஆயிரக்கணக்கான வண்டிகள் படத்தோடும் விலையோடும் வரிசையாக நிற்கின்றன. ஊருக்குத் திரும்பிப் போகும் குடும்பம் தன் வண்டியை ஓரிரு நாளில் விற்கவும், புதிதாக வந்த குடும்பம் தனக்கு ஏற்றதைத் தேர்ந்து வாங்கவும் இச்சந்தைகள் பெரிதும் உதவுகின்றன. அவற்றைப் பழித்துப் பயன் இல்லை. ஆனால், அச்சந்தையின் நெரிசலில் வணிகரோடு வணிகராக வஞ்சகரும் கலந்து நிற்கின்றனர் என்பதை நாம் மறத்தல் ஆகாது. சீட்டு எடுத்த பணமும், நகையை அடகு வைத்த பணமும் ஒரு பிற்பகலில் மறைந்துபோன குடும்பங்களுக்கு அவ்விழப்பு பல மாத உழைப்பின் இழப்பாகும். ஆகவே, அவ்வஞ்சகம் எவ்வாறு நடைபெறுகின்றது, அதனை எவ்வாறு தடுப்பது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

சந்தையில் முன்னோர் கண்ட முறை

நம் நாட்டில் மாட்டுச் சந்தைகள் இன்றும் நடைபெறுகின்றன. ஆடி மாதத்தில் அந்தியூர்க் குருநாதசுவாமி கோயில் திருவிழாவில் கூடும் கால்நடைச் சந்தையைப் பார்த்தவர் நம்முள் பலர் இருப்பர். கிருஷ்ணகிரி மாவட்டத்தார்க்குப் போச்சம்பள்ளிச் சந்தை தெரியும். அங்கே காளை வாங்க வந்தவர் என்ன செய்கின்றார்? பல்லைப் பிடித்துப் பார்த்து வயதை அறிகின்றார், நடக்கவிட்டுக் காலைக் கவனிக்கின்றார், சுழி பார்க்கின்றார், பின்பு தரகர் முன்னிலையில் துண்டுக்குள் விரல் பற்றி விலை பேசுகின்றார். மாட்டின் கயிறு கைமாறும்போதே பணமும் கைமாறுகின்றது.

இம்முறையில் ஓர் உண்மை அடங்கியுள்ளது. வாங்கப்படும் பொருள், அதற்கு உரியவர், உரிமைக்குச் சான்று, பணம் ஆகிய நான்கும் ஒரே இடத்தில், ஒரே வேளையில் கூடுகின்றன. மாடு அந்தியூரில் இருக்க, உரியவர் வேறூரில் இருக்க, பணம் மட்டும் முன்னே செல்வது என்பது அங்கே இல்லை. இணையச் சந்தையில் நிகழும் வஞ்சகங்கள் பலவற்றை எடுத்து ஆராய்ந்தால், அவை யாவும் இந்நான்கினுள் ஏதேனும் ஒன்றைப் பிரித்து வைத்து நடைபெறுபவையாகவே காண்கின்றோம். ஒன்றில் வண்டி இல்லை. ஒன்றில் உரியவர் இல்லை. ஒன்றில் ஆவணம் மெய்யன்று. ஒன்றில் பணம் மெய்யன்று. ஆகவே, வண்டி, ஆள், ஆவணம், பணம் என்னும் நான்கையும் ஒருங்கே காணும் வரையில் வணிகம் முடியவில்லை என்பதை நம் குடும்பங்கள் விதியாகக் கொள்ளுதல் நலம்.

படை வீரர் வேடம்

வாங்குவோரை ஏமாற்றும் முறைகளுள் மிகவும் பரவியது படை வீரர் வேடம். எடுத்துக்காட்டாக, சந்தையில் ரூ. 60,000 பெறக்கூடிய ஸ்கூட்டர் ஒன்று ரூ. 22,000 என்று விளம்பரத்தில் காணப்படும். படங்கள் தெளிவாக இருக்கும். தொடர்பு கொண்டால் மறுமுனையில் பேசுபவர் தாம் இராணுவத்திலோ, மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையிலோ பணிபுரிவதாகக் கூறுவார். பெங்களூரு விமான நிலையத்தில் பணி என்றும், திடீரென வடக்கே மாற்றம் ஆகிவிட்டது என்றும், அதனாலேயே குறைந்த விலைக்குத் தருவதாகவும் சொல்வார். சீருடை அணிந்த படத்தையும், அடையாள அட்டையின் படத்தையும், ஆர்.சி.யின் படத்தையும் கேளாமலேயே அனுப்பி வைப்பார். வண்டியைப் பார்க்க வரலாமா என்று கேட்டால், அது படை முகாமுக்குள் இருக்கிறது, வெளியார் நுழைய இயலாது, பார்சல் வண்டியில் ஏற்றி வீட்டு வாயிலுக்கே அனுப்பிவிடுகிறேன் என்பார்.

முதலில் அவர் கேட்பது பெருந்தொகை அன்று. அனுப்பும் செலவுக்கு இரண்டாயிரமோ மூவாயிரமோ கேட்பார். அதைச் செலுத்தியபின், வண்டி புறப்பட்டுவிட்டது என்று ஒரு சீட்டின் படம் வரும். பிறகு ஜி.எஸ்.டி. என்றும், காப்புத் தொகை என்றும், வழியில் நேர்ந்த தாமதத்துக்கு அபராதம் என்றும் ஒவ்வொன்றாகக் கேட்பு வரும். இவையெல்லாம் வண்டி சேர்ந்தவுடன் திருப்பித் தரப்படும் என்ற உறுதியும் கூடவே வரும். முன்பு கொடுத்தது வீணாகிவிடுமே என்ற அச்சத்தால் மேன்மேலும் கொடுப்பவர் பலர். இறுதியில் வண்டியும் வாராது. பேசியவர் எண்ணும் ஒலியாது.

இவ்வேடத்தின் வலிமை நம் நற்குணத்தில் இருக்கின்றது. படை வீரர்பால் நமக்குள்ள மதிப்பையே வஞ்சகர் முதலாக வைக்கின்றனர். அவர் அனுப்பும் அடையாள அட்டை பெரும்பாலும் மற்றொருவரிடமிருந்து களவாடப்பட்டதாகவோ போலியாகவோ இருக்கும். உண்மையான படை வீரர் ஒருவர் தம் வண்டியை விற்பதாயின், அதனை முகாம் வாயிலுக்கு வெளியே கொண்டுவந்து காட்டுவதில் அவர்க்குத் தடை ஒன்றும் இல்லை.

இவ்வகைக் குற்றத்துக்குப் பேர்பெற்ற பகுதி ஒன்று உண்டு. ஹரியானா, இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்களும் கூடும் எல்லையிலுள்ள மேவாத் வட்டாரம் அது. 2023 ஏப்ரல் 27ஆம் நாள் இரவு ஹரியானாக் காவல்துறையினர் ஏறத்தாழ 5,000 பேர் அங்குள்ள நூஹ் மாவட்டத்தின் 14 ஊர்களில் ஒரே வேளையில் சோதனை நடத்தினர். பிடிபட்டவர்கள் நாடு முழுவதும் ஏறத்தாழ 28,000 பேரிடமிருந்து 100 கோடி ரூபாய்க்கு மேல் வஞ்சித்ததாகக் காவல்துறையினர் அறிவித்தனர். இருசக்கர வண்டிகளும் கார்களும் விற்பனைக்கு என்று பொய் விளம்பரம் வெளியிடுவது அவர்கள் கையாண்ட வழிகளுள் ஒன்று. ஹெப்பகோடியில் இருப்பவர் இழக்கும் பணம் ஈராயிரம் கிலோமீட்டர்க்கு அப்பாலுள்ள சிற்றூர்க்குச் சில நொடிகளில் போய்ச் சேர்கின்றது என்பதை இதனால் அறியலாம்.

இது புதிதாகத் தோன்றிய சூழ்ச்சியும் அன்று. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் ‘ஸ்பானியக் கைதி’ என்னும் கடித மோசடி பரவியிருந்தது. ஸ்பெயின் நாட்டுச் சிறையில் செல்வர் ஒருவர் அடைபட்டிருக்கிறார்; அவரை விடுவிக்கச் சிறுதொகை அனுப்பினால் பெரும்பங்கு தருவார் என்று முன்பின் அறியாதவர்க்குக் கடிதம் வரும். அனுப்பிய பின் மேலும் ஓர் இடையூறு, மேலும் ஒரு தொகை என்று அக்கடிதங்கள் தொடரும். சிறையிலிருக்கும் செல்வர் அன்று. முகாமுக்குள் இருக்கும் ஸ்கூட்டர் இன்று. காணாத பொருளுக்கு முன்பணம் என்னும் தூண்டில் மட்டும் மாறவே இல்லை.

விற்பவர்க்கு விரிக்கும் வலை

வாங்குபவரே ஏமாறுவர், விற்பவர்க்கு அச்சமில்லை என்று எண்ணுதல் தவறு. வண்டியை விற்பனைக்கு அறிவித்த சில நிமிடங்களிலேயே ஒருவர் பேசுவார். விலையைக் குறைக்கக் கேளார். வண்டியைப் பார்க்கவும் விரும்பார். முன்பணம் இப்போதே அனுப்புகிறேன் என்பார். பின்பு கியூ.ஆர். படம் ஒன்றை அனுப்பி, இதனை ஸ்கேன் செய்து பின் எண்ணை இட்டால் உங்கள் கணக்கில் பணம் ஏறிவிடும் என்பார். ஐயுறுவாரை நம்பவைக்க முதலில் ஒரு ரூபாயோ ஐந்து ரூபாயோ அனுப்பிக் காட்டுவதும் உண்டு. அவர் சொற்படி பின் எண்ணை இட்ட மறுகணமே விற்பவர் கணக்கிலிருந்து பணம் வெளியேறிவிடும்.

இங்கே நினைவில் நிறுத்த வேண்டிய விதி ஒன்றே. பணம் கொடுப்பதற்கே பின் எண் தேவை; பணம் பெறுவதற்குப் பின் எண் ஒருபோதும் தேவையில்லை. வீட்டு வாயிலில் பால்காரர்க்குப் பணம் கொடுக்கையில் அவர் எதனையும் அழுத்துவதில்லை. கொடுக்கும் நாமே அழுத்துகின்றோம் என்பதை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். தனியாள் ஒருவர் மற்றொருவரிடம் யு.பி.ஐ. வழியாகப் பணம் கேட்டு விடுக்கும் கோரிக்கை முறையைத் தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. அதனால் ஒரு வழி அடைபட்டது, எனினும் கியூ.ஆர். வழியும், போலிச் செயலி வழியும் இன்னும் திறந்தே உள்ளன. ஆதலின் பின் எண், ஓ.டி.பி. ஆகிய இரண்டையும் வீட்டுப் பூட்டின் சாவியைப்போல் காத்தல் வேண்டும். கைப்பேசியின் திரையைப் பிறர் காணச் செய்யும் செயலிகளை அயலார் சொல்லக் கேட்டு ஏற்றுதலும் கூடாது.

வேறு சில சூழ்ச்சிகளும் உள. பணம் அனுப்பிவிட்டதாக ஒரு திரைப்படப் பிடிப்பைக் காட்டி வண்டியைக் கொண்டு செல்வர். கணக்கில் பணம் ஏறியிராது. வங்கியிலிருந்து வந்ததுபோலவே ஒரு குறுஞ்செய்தியை அனுப்பி, தவறுதலாக மிகுதி அனுப்பிவிட்டேன், மிகுதியைத் திருப்பி அனுப்புங்கள் என்று கெஞ்சுவர். ஆதலின் செய்தியை நம்பாது, வங்கிக் கணக்கைத் தாமே திறந்து இருப்பைப் பார்த்தபின் சாவியைக் கொடுத்தல் வேண்டும். ஓட்டிப் பார்க்கிறேன் என்று சாவியைப் பெற்றவர் திரும்பி வாராத செய்திகளும் அவ்வப்போது வருகின்றன. ஓட்டிப் பார்க்க விடுவது நியாயமே. ஆயினும் பின் இருக்கையில் நம்மவர் ஒருவர் அமர்தல் வேண்டும். அவர் வந்த வண்டியையும் மூல ஓட்டுநர் உரிமத்தையும் நம்மிடம் விட்டுச் செல்லச் சொல்லுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இடையில் நிற்பவன்

வண்டியைக் கண்ணால் கண்டுவிட்டால் அச்சம் தீர்ந்தது என்றும் கூற இயலாது. வாங்குபவர், விற்பவர் இருவரையும் ஒருசேர ஏமாற்றும் சூழ்ச்சி ஒன்று உண்டு. நீங்கள் உங்கள் மோட்டார் சைக்கிளை ரூ. 70,000 என்று அறிவித்திருப்பதாகக் கொள்வோம். வஞ்சகன் அப்படங்களை எடுத்து, ரூ. 45,000 என்று தன் பெயரில் மறுபடியும் வெளியிடுவான். உங்களிடம், என் தம்பி வந்து வண்டியைப் பார்ப்பான்; பணத்தை நானே தருகிறேன்; அவனிடம் விலை பேசவேண்டாம் என்பான். வாங்க வருபவரிடம், வண்டி என் மைத்துனர் வீட்டில் இருக்கிறது, போய்ப் பாருங்கள், அவரிடம் விலை பேசவேண்டாம், பணத்தை எனக்கு அனுப்புங்கள் என்பான். வாங்க வந்தவர் மெய்யான வண்டியைக் காண்கிறார், மெய்யான ஆர்.சி.யைக் காண்கிறார், மனநிறைவோடு பணத்தை அவனுக்கு அனுப்பிவிடுகிறார். பின்பு வண்டியைக் கேட்கையில் விற்பவர் பணம் எங்கே என்கிறார். இருவரும் குற்றமற்றவர், இருவரும் ஒருவரையொருவர் ஐயுற்றுச் சண்டையிடுகின்றனர், மூன்றாமவன் மறைந்துவிடுகிறான்.

இதனைத் தடுப்பதற்கு வழி மிக எளிது. விலை பேசவேண்டாம் என்று எவர் சொன்னாலும், நேரில் நிற்பவரிடம் விலையை வாய்விட்டுக் கேளுங்கள். பணத்தை ஆர்.சி.யில் எவர் பெயர் உள்ளதோ அவருடைய வங்கிக் கணக்குக்கே செலுத்துங்கள். யு.பி.ஐ. திரையில் தோன்றும் பெயரும், ஆர்.சி.யில் உள்ள பெயரும், எதிரே நிற்பவர் காட்டும் அடையாள அட்டையின் பெயரும் ஒத்திருத்தல் வேண்டும். கணவர் பெயரில் வண்டி, மனைவி விற்கிறார் என்றால் கணவரோடு காணொளியில் பேசி, அவர் கையொப்பம் பெற்றபின் கொடுக்கலாம். உரியவர் இறந்திருந்தால் வாரிசின் பெயருக்குப் பதிவு மாறும்வரை பொறுத்திருப்பதே முறை.

ஏட்டில் பெயர் மாறும் வரை

வண்டியைப் பார்க்கச் செல்லும்போது, வண்டி அறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். பகல் வேளையில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் சந்தியுங்கள். ஆர்.சி.யிலுள்ள சேசிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் வண்டியில் பொறித்துள்ள எண்களோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். எண்ணின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் அச்சு விழும். சுரண்டித் திருத்திய எண் அவ்வச்சில் காட்டிக்கொடுத்துவிடும். பின்பு, எம்.பரிவாகன் செயலியிலோ, பரிவாகன் தளத்திலோ பதிவெண்ணை இட்டு வண்டியின் வகை, பதிவு நாள், காப்பீடு முடியும் நாள் ஆகியவற்றைச் சரிபாருங்கள். நிலுவையிலுள்ள போக்குவரத்து அபராதங்களை இ-சலான் தளத்தில் காணலாம். திருட்டு வண்டியா என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ‘வாகன் சமன்வய்’ சேவையில் அறியலாம். ஆர்.சி.யில் வங்கியின் பெயரோ பைனான்ஸ் கம்பெனியின் பெயரோ அடைமானமாகக் குறிக்கப்பட்டிருந்தால், கடன் தீர்ந்தது என்ற சான்றும், அவர்கள் கையொப்பமிட்ட 35ஆம் எண் படிவமும் இன்றி வாங்குதல் கூடாது. கட்டாத டியூவுக்காக வண்டியைத் தூக்கிச் செல்பவர்க்கு நீங்கள் யாரென்று தெரியாது.

விற்பவர்க்கோ பணம் கைக்கு வந்தவுடன் கடமை முடிந்துவிடுவதில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்தல் வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்தல் வேண்டும். இவற்றுக்கு உரியவை 29, 30ஆம் எண் படிவங்கள். நிரப்பாத படிவத்தில் கையொப்பமிட்டு ஒப்படைப்பது நம்மவரிடையே காணப்படும் கெட்ட வழக்கம். அத்தாளோடு வண்டி எத்தனை கை மாறினும் ஏட்டில் நம் பெயரே நிற்கும்.

அதனால் விளையும் கேட்டினை உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று நன்கு காட்டுகின்றது. ஒருவர் 2007 ஜூலை மாதத்தில் தம் காரை விற்றுவிட்டார். அது பின்னர்க் கைமாறிக் கைமாறிச் சென்றது. ஆனால் பதிவேட்டில் பெயர் மாறவில்லை. 2009 மே மாதத்தில் அக்கார் விபத்துக்குள்ளாயிற்று. இழப்பீட்டுக்குப் பொறுப்பானவர் யார் என்ற வழக்கில், பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் என்று 2018 பிப்ரவரி 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விற்று இரண்டாண்டு ஆன பின்னும், தாம் காணாத விபத்துக்கு முதல் உரிமையாளர் பொறுப்பானார். நாம் விற்ற வண்டியைக் கொண்டு ஒருவன் சங்கிலி பறித்தாலும், காவலர் முதலில் வந்து தட்டும் கதவு நம்முடையதே. ஆதலின், ஒப்படைத்த நாளும் மணியும் குறித்து, இருவரும் இரு சாட்சிகளும் கையொப்பமிட்ட டெலிவரி நோட் ஒன்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெயர் மாறிவிட்டதா என்பதைச் சில வாரங்களில் தளத்தில் பாருங்கள்.

பழைய வண்டி வணிகரிடம் விற்பவர்க்கு ஒரு பாதுகாப்பு கிடைத்துள்ளது. மத்திய அரசு 2022 டிசம்பரில் அறிவித்து, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகளின்படி, பதிவு அலுவலகத்தில் அங்கீகாரம் பெற்ற வணிகரிடம் வண்டியை ஒப்படைத்து அதனை உரிய படிவத்தில் தெரிவித்துவிட்டால், அதன்பின் அவ்வண்டிக்கு அவரே உரியவராகக் கருதப்படுவார். அங்கீகாரச் சான்றைக் காட்டுங்கள் என்று கேட்பது நம் உரிமை.

எல்லை கடந்த வண்டி

நம் குடும்பங்களுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. ஹெப்பகோடித் தெருக்களில் நிற்கும் வண்டிகளுள் டி.என். 70 என்னும் ஓசூர் எண்ணும், டி.என். 24 என்னும் கிருஷ்ணகிரி எண்ணும், டி.என். 29 என்னும் தருமபுரி எண்ணும் உண்டு. இவற்றை இங்கேயே விற்கவும் வாங்கவும் நேர்கின்றது. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதுப்பதிவு எண் பெறவேண்டும் என்று அச்சட்டத்தின் 47ஆம் பிரிவு கூறுகின்றது. அதற்கு முன்பு பதிவான அலுவலகத்திலிருந்து என்.ஓ.சி. பெறுதல் வேண்டும், அதற்குரியது 28ஆம் எண் படிவம். விண்ணப்பித்து 30 நாட்களுக்குள் மறுப்பு வாராவிடில் அச்சான்று அளிக்கப்பட்டதாகவே சட்டம் கொள்கின்றது. பின்பு எலக்ட்ரானிக் சிட்டியிலுள்ள கே.ஏ. 51 அலுவலகத்திலோ, சந்தாபுராவிலுள்ள கே.ஏ. 59 அலுவலகத்திலோ, எந்த எல்லைக்குள் வசிக்கின்றோமோ அதற்கேற்பப் பதிய வேண்டும். வண்டியின் வயதுக்கேற்ற கர்நாடக வாழ்நாள் வரியும் செலுத்த வேண்டும்.

ஆகவே, வெளிமாநில எண் கொண்ட வண்டி மலிவாகக் கிடைக்கின்றது என்று மகிழுமுன், வரியையும் அலைச்சலையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். என்.ஓ.சி.யைப் பிறகு வாங்கித் தருகிறேன் என்பவரிடம் முழுப்பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். ஊருக்குப் போய்விட்ட ஒருவரைப் பிடித்துக் கையொப்பம் பெறுவது எத்துணைக் கடினம் என்பதைப் பட்டவரே அறிவர்.

மற்றொன்றும் கூறவேண்டும். அயலூரில் தமிழ்ச் சொல் ஒன்று காதில் விழுந்தால் நம் உள்ளம் இளகிவிடுகின்றது. ‘அண்ணா, நானும் நம்ம பக்கந்தான்’ என்ற ஒரு சொல்லுக்கு நாம் எல்லா ஆராய்ச்சியையும் கைவிட்டுவிடுகின்றோம். மொழிப்பற்று நல்லதே, ஆனால் அது ஆவணம் ஆகாது. நல்ல தமிழர் எவரும் ஆர்.சி.யைக் காட்டுங்கள் என்றால் மனம் வருந்தமாட்டார். நம் தாய்மொழி பேசும் அண்டை வீட்டார்க்கே விற்பதானாலும் படிவமும் கையொப்பமும் முறைப்படி நிகழ்தல் வேண்டும். அதுவே அவ்வுறவையும் காக்கும்.

ஏமாற்றப்பட்ட பின்

எவ்வளவு விழிப்பாக இருப்பினும் சிலர் சிக்கிக்கொள்ளக்கூடும். அப்பொழுது முதல் ஒரு மணி நேரம் பொன்னினும் அரிது. உடனே 1930 என்னும் எண்ணுக்குப் பேசுங்கள். 2021இல் தொடங்கிய இவ்வேற்பாட்டின்படி, நம் பணம் சென்ற வங்கிக்கு அப்போதே செய்தி போகின்றது. பணம் அக்கணக்கில் இன்னும் இருந்தால் அதனை நிறுத்தி வைக்கின்றனர். வேறு வங்கிக்குச் சென்றிருந்தால் அங்கே செய்தி தொடர்கின்றது. களவு போன பணம் ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்கு ஓடிக்கொண்டே இருக்கும், ஏ.டி.எம்.மில் எடுக்கப்படுமுன் அதனைத் துரத்திப் பிடித்தல் வேண்டும். பேசும்போது 12 இலக்கப் பரிமாற்ற எண், தொகை, நாள், மணி ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். பின்பு தேசியச் சைபர் குற்றப் புகார்த் தளத்தில் முறையீட்டை முழுமையாகப் பதிவு செய்யுங்கள். நம் வங்கிக்கும் தனியே தெரிவியுங்கள். வஞ்சகனோடு நடந்த உரையாடலைச் சினத்தால் அழித்துவிடாதீர்கள், அதுவே சான்று.

வங்கி ஈடு செய்துவிடும் என்று வாளாவிருத்தல் கூடாது. இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6ஆம் நாள் வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளர் அறியாமல் பிறர் செய்த பரிமாற்றத்துக்கும், அவரே இரகசிய எண்ணைப் பகிர்ந்ததால் நேர்ந்த இழப்புக்கும் வேறுபாடு வகுத்தது. பின்னதில், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவரையே சாரும் என்றது. விரைந்து தெரிவித்தல் ஏன் இன்றியமையாதது என்பது இதனாலும் புலனாகும்.

சட்டம் கைகட்டி நிற்கவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு, வஞ்சித்துப் பொருளைக் கவர்வோர்க்கு ஏழாண்டு வரை சிறை விதிக்க இடம் தருகின்றது. கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோர்க்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவின்கீழ் மூன்றாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. குற்றம் எந்த எல்லையில் நிகழ்ந்தது என்று பாராமல் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் அளிக்கலாம் என்பதும் இப்போது சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. கன்னடம் நன்கு அறிந்த நண்பர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அச்சம் குறையும், முறையீடும் தெளிவாக அமையும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தடை ஒன்று வீட்டுக்குள்ளேயே இருக்கின்றது. ஏமாந்தவர் முதலில் அஞ்சுவது வஞ்சகனுக்கு அன்று; தம் குடும்பத்தாரின் ஏச்சுக்கே. மகன் தந்தையிடம் மறைக்கிறான்; மனைவி கணவரிடம் மறைக்கிறார்; அவ்வாறு மறைத்த இரவுக்குள் பணம் கைவிட்டுப் போய்விடுகின்றது. ஆகவே பெரியோர்களே, வீட்டில் ஒருவர் ஏமாந்து நின்றால் முதலில் அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். முதலில் 1930; பிறகு ஆறுதல்; அறிவுரை கடைசியில். ஏமாந்தவர் அறிவிலி அல்லர். கைதேர்ந்த திருடரிடம் பொருளை இழந்தவர். அவர் தமக்கு நேர்ந்ததை வாய்விட்டுச் சொன்னால், அதே தெருவில் மற்றொரு குடும்பம் காக்கப்படும்.

‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் பழமொழி. அளந்து போடுவதற்குப் பெரும் படிப்பு வேண்டுவதில்லை. சிறிது பொறுமை வேண்டும். வண்டி வாங்கப் போகும் இளைஞர் ஒருவரோடு அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர் உடன் செல்வது, ஊர் திரும்பும் குடும்பத்துக்குப் படிவம் நிரப்பித் தருவது, மொழி தெரியாதவர்க்காக ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒருமணி நேரம் வரிசையில் நிற்பது ஆகியவை யாவும் நம்மால் இயலும் சிறு பணிகள். இன்று விட்டால் வேறொருவர் வாங்கிவிடுவார் என்று எவரேனும் விரைவுபடுத்தினால், வாங்கட்டும் என்று விட்டுவிடும் துணிவும் நமக்கு வேண்டும். இச்சந்தையில் வண்டிக்குப் பஞ்சமில்லை. நம் உழைப்பின் பணமே அரிது. வண்டி, ஆள், ஆவணம், பணம் ஆகிய நான்கும் கண்முன் கூடிய பின்னரே சாவியை வாங்குவோம்; கொடுப்போம். நம் குடும்பங்கள் அனைத்தும் இவ்வுறுதியை மேற்கொண்டு நலமுடன் வாழ்க!